ஏலத்தில் எடுத்த அங்கி

எங்கள் வீட்டுக்கார டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் உண்டு. வாங்கியவர்கள் கிடையாது.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் அவருடைய வீட்டுப் பின்பக்கத்து ஒற்றை அறையில் நான் குடியிருந்தேன். இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா வேலை. சொந்த ஊர் சேரன்மகாதேவி. கல்யாணம் ஆகவில்லை, ஆகும் என்பதற்கான அறிகுறிகளும் தென்படவில்லை. டீச்சர் பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் விசில், காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ, வெள்ளைச் சல்வார். அந்த வயதில் சல்வார் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடக்க ஊரில் அவருக்கு மட்டும்தான் அனுமதி இருந்தது. யார் கொடுத்த அனுமதி என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் டீச்சர் அவரை ஞாபகத்தில் வைத்துக்கொண்டிருப்பார்.

டீச்சர் ஒருவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது அந்த ஒருவருக்கு நல்லதல்ல.

பழிவாங்கும் படலங்களை நான் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். கத்தி, விஷம், தீவைப்பு, சபதம் என்று எல்லாவற்றிலும் ஒரே சத்தமாக இருக்கும். டீச்சருடைய வழி வேறு. அவர் உதவி செய்து பழிவாங்குவார்.

ஒருநாள் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர், "டீச்சர், நீங்க தனி ஆளுதான? எந்திரிங்க, பொறத்த ஒரு குடும்பம் நிக்கி" என்று சொல்லி அவரை எழுப்பிவிட்டார். டீச்சர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த ஜூனில் அந்தக் கண்டக்டரின் மகள் டீச்சருடைய பள்ளியில் சேர்ந்தாள். டீச்சர் அந்தப் பெண்ணை ஓட்டப்பந்தயத்துக்குத் தேர்ந்தெடுத்தார். தினமும் விடியுமுன் மைதானத்தில் இருக்க வேண்டும், தகப்பனார்தான் கொண்டுவந்து விட வேண்டும், வேறு யாரோடும் அனுப்பக் கூடாது என்பது நிபந்தனை. இரவு டிரிப் முடித்து வந்து படுத்த மனுஷன், கண்ணைத் தேய்த்துக்கொண்டு சைக்கிளை மிதித்து வந்து, மைதானத்து ஓரத்தில் நின்றபடியே தூங்குவார். உட்கார அங்கே இடம் கிடையாது. அந்தப் பெண் மாவட்ட அளவில் கோப்பை வாங்கினாள். கண்டக்டர் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து டீச்சர் காலில் விழாத குறையாக நன்றி சொன்னார்.

அவர் போனபிறகு டீச்சர் என்னிடம் ஒரு பழத்தை நீட்டி, "மாவட்டத்தோட விட்டுருவேனா? மாநிலம்னு ஒண்ணு இருக்குல்லா. நிக்கட்டும்" என்றார்.

நான் சிரித்தேன். அடுத்தது என் முறை என்பது தெரியாமல்.

குடிவந்த புதிதில் நான் அவரிடம், "டீச்சர், தனி ஆளுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய வீடு? முன்பக்கத்தையும் வாடகைக்கு விடலாமே" என்று சொல்லியிருந்தேன். புத்திசாலித்தனமான யோசனை என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. டீச்சரும் "ஆமா சார்வாள், யோசிக்க வேண்டிய விசயம்தான்" என்று சொன்னார். என்னை அவர் சார்வாள் என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்பது கடைசிவரை பிடிபடவில்லை.

பிறகு ஒருநாள் கடையத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் என்னைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். நான் ஆபீஸில் இருந்தேன். டீச்சர் அவர்களை முன்னறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, காராச்சேவு வைத்து, என்னை வாயாரப் புகழ்ந்தார். "தங்கமான பிள்ள. சிக்கனம்னா அப்படி ஒரு சிக்கனம். மனுசனுக்கு எதுக்குப் பெரிய வீடுன்னு கேக்கிற மனசு யாருக்கு வரும்? ஒங்க பொண்ணு வந்தாலும் அந்த ஒத்த ரூம்லயேதான் வச்சுக்கிடுவாரு. ராத்திரி முழுக்கப் படிப்பு. வாய்விட்டுத்தான் படிப்பாரு. எனக்கே இங்கன கேக்கும்." பெண்ணின் அப்பா காராச்சேவைத் தொடாமல் எழுந்துவிட்டாராம்.

சாயங்காலம் நான் கேட்டதற்கு, "ஒரு பொய்யி சொன்னேனா சார்வாள்?" என்றார். ஒன்றுகூடப் பொய்யில்லை. பின்னாளில் என்னைக் கட்டிக்கொண்டவள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, கடையத்துப் பெண் கொடுத்துவைத்தவள் என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள்.

டீச்சரை யார் திட்டினாலும் அவருக்குக் கோபம் வராது. பள்ளிக்கூட மேனேஜர் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டுப் போவார். டீச்சர் மோர் குடித்துவிட்டு மறந்துவிடுவார். ஆனால் "ஒங்களுக்கு எதுக்கு?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. தனி ஆளுக்கு எதுக்கு சீட்டு, எதுக்கு வீடு, எதுக்கு அரை லிட்டர் பால். பாலைப் பற்றிக் கேட்ட பால்காரர் கதையை நான் சொல்லப்போவதில்லை. அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், பட்டது போதும்.

இந்தக் கேள்வியை எல்லோரையும்விடப் பலமாகக் கேட்டவர் தம்பி பெண்டாட்டி.

டீச்சருக்கு ஒரே தம்பி. அமெரிக்காவில் என்ஜினீயர். படிக்கவைத்தது டீச்சர்தான். இதை டீச்சரும் சொல்லமாட்டார், தம்பியும் சொல்லமாட்டார். இருவரும் சொல்லாததாலேயே ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. தம்பி பெண்டாட்டி மெட்ராஸ்காரர். பார்க்க லட்சணமாக இருப்பார். பேச்சும் சுற்றிவளைக்காமல் இருக்கும். நான் குடிவருவதற்கு முன்னால், உறவில் ஒரு கல்யாணத்துக்காக இருவரும் வந்திருந்தபோது, வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அந்த அம்மாள் பட்டுச்சேலை எடுத்திருக்கிறார். பெரியம்மா, சித்தி, சித்தி மகள் என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து, டீச்சர் முறை வந்ததும் கையில் ஒரு குளியல் துண்டைக் கொடுத்தார். கூடியிருந்தவர்களைப் பார்த்து, "அண்ணிக்கு எதுக்குப் பட்டு? கட்டினாலும் யாரு பாக்கப் போறா?" என்றாராம். பெண்கள் சிரித்தார்கள். கல்யாண வீட்டில் பெண்கள் எதற்கும் சிரிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

தம்பி அப்போது பந்தலில் இருந்தார். அன்று ராத்திரி டீச்சர் அவரிடம் சொல்லியிருக்கிறார். "அவ அப்படிச் சொல்லிருக்க மாட்டாக்கா" என்றார் தம்பி. "ஒனக்குத்தான் எல்லாமே அப்படிக் கேக்கும்."

டீச்சர் இந்தக் கதையை எனக்குச் சொன்னபோது தம்பி பெண்டாட்டி பேசியதை வேகமாகச் சொல்லி முடித்துவிட்டார். தம்பி பேசியதைத்தான் இரண்டுமுறை சொன்னார். "அவன் காதுல அது விழணும் சார்வாள். என்னைக்காவது, அவ வாயால, அவன் காதுல. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

காதில் விழவைக்கக் கொஞ்ச வருஷம் ஆயிற்று. அந்த வருஷம், டீச்சருடைய சபையில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குத் தம்பியும் மனைவியும் வந்து இறங்கினார்கள். தம்பி பெண்டாட்டி எனக்கு ஏதோ ஓட்டல் பெயர் போட்ட பேனா ஒன்று கொடுத்தார். நல்லபடியாக எழுதியது. ஆகவே அவரைப் பற்றி நான் நடுநிலையாகத்தான் எழுதிவருகிறேன் என்று நம்பவேண்டும்.

வந்த மறுநாள், எனக்கும் மோர்சாதத்தோடு இடம் போட்டிருந்த சாப்பாட்டு மேஜையில் அவர் ஒரு மெல்லிய காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஓர் உடுப்பு. பச்சையும் வெள்ளையுமாகக் குச்சிக்குச்சியாகக் கோடு போட்ட பட்டுநூல் பின்னல். பொத்தான் கிடையாது, ஜிப் கிடையாது. கையை நுழைத்துக்கொண்டு, ஒருபக்கத்தை இன்னொருபக்கத்தின் மேல் மடித்து, அதோடு தைத்திருக்கும் நீளமான நாடாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். பார்க்க வந்திருந்த எதிர்வீட்டு அம்மாள், "ஆஸ்பத்திரில ஆபரேசனுக்கு முன்னால இப்படித்தான் ஒண்ணு குடுத்தாவ" என்றார்.

தம்பி பெண்டாட்டி பொறுமையாக விளக்கினார். அது ஒரு பேர்போன டிசைனர் எழுபதுகளில் தைத்த உடுப்பாம். அன்றைக்கே தைத்த அசல். அமெரிக்காவில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றனவாம். அலைந்து தேடி வாங்கினாராம்.

"அப்ப வேற ஆளு போட்ட பழந்துணியா?" என்றார் எதிர்வீட்டு அம்மாள். "காசு குடுத்தா வாங்குன?"

"உங்களுக்குச் சொன்னாப் புரியாதும்மா. இந்த வீட்ல இருக்கற எல்லாத்தையும் சேர்த்தாக்கூட இதுக்கு ஈடாகாது."

டீச்சர் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். அகப்பை நின்றது. "இந்த வீட்டுலயே ஒசந்தது இதுதான், என்னம்மா?" என்று பிரியமாகக் கேட்டார்.

"சந்தேகமென்ன அண்ணி!"

"கேட்டியாலே தம்பி?" என்றார் டீச்சர். தம்பி சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார். இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மேஜையில் என்னைத் தவிர ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அறுப்பின் பண்டிகையில், அவரவர் நிலத்திலும் வீட்டிலும் உயர்ந்தது எதுவோ அதைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும். கிறிஸ்தவர்களும் எங்கள் பக்கம் கோயில் என்றுதான் சொல்வார்கள். பாதிரியாருக்கு ஐயர் என்று பெயர். சைவப்பிள்ளையான எனக்கு வந்த புதிதில் இது கொஞ்சம் தலையைச் சுற்றியது. நெல்மூட்டை, வாழைத்தார், பூசணி, கோழி, முட்டை என்று வந்து குவிவதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வளவில் ஏலம் விடுவார்கள். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடும்பம் முதலில் ஏலம் எடுக்கும் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதை மறுபடி ஏலம் விடுவார்கள். ஒரே எலுமிச்சம்பழம் ஏழெட்டுக் குடும்பம் சுற்றி, கடைசியில் ஊறுகாய்க்குத்தான் ஆகும் என்கிற நிலைக்கு வந்துவிடும். இந்த வழக்கம் மெட்ராஸ்காரருக்குத் தெரிய நியாயமில்லை.

சனிக்கிழமை காலை சபை வாலிபர்கள் தள்ளுவண்டியோடு வந்தார்கள். தம்பியும் மனைவியும் மணிமுத்தாறு அருவிக்குப் போயிருந்தார்கள். உடுப்பு நிழல்கொடியில் காற்றாடத் தொங்கியது; வெயிலில் போடக் கூடாதாம்.

"சார்வாள், அதை எடும்" என்றார் டீச்சர்.

"டீச்சர், இது அவங்களோட…"

"இந்த வீட்டுல ஒசந்தது இதான்னு சொன்னாளா, இல்லையா? ஒசந்ததக் குடுக்காம பூசணிக்காயக் குடுத்து ஆண்டவர ஏமாத்தச் சொல்லுதீரா?"

ஆண்டவரை ஏமாற்றும் துணிச்சல் எனக்கு இல்லை. அதோடு, கடையத்துக்குப் போனதுபோல இன்னொரு பெண் வீட்டுக்குத் தகவல் போவதிலும் விருப்பமில்லை. எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பூசணிக்கு நடுவில் அது வண்டியில் ஏறிப்போனது.

சாயங்காலம் வீட்டில் என்ன நடந்தது என்பது சுவருக்கு இந்தப்பக்கம் இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது. "கோயில்ல போய்த் திருப்பிக் கேளுங்க!" என்றார் தம்பி பெண்டாட்டி. "கோயிலுக்குக் குடுத்தத எப்படிக் கேக்க?" என்றார் தம்பி. "நாளைக்கி ஏலத்துல எடுத்துக்கிடலாம்" என்றார். டீச்சர் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவருக்கு வேண்டியதைத் தம்பியே சொல்லிவிட்டார்.

ஞாயிறு ஏலத்துக்கு நானும் போனேன். வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, பழக்கடை அண்ணாச்சி ஒருவர் மைக்கோடு நின்றார். ஐயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோழிகளும் வாழைத்தார்களும் போனபிறகு அண்ணாச்சி அந்த உடுப்பை ஒரு கம்பில் மாட்டித் தூக்கினார். காற்றில் அது பிரிந்து இரண்டு சிறகுபோல ஆடியது. கூட்டம் ஓவென்று சிரித்தது.

"அமெரிக்கா அங்கி! டீச்சர் வீட்டுக் காணிக்க! தைக்க நூலு பத்தாம பாதில விட்டுட்டாவ போல, அதுக்கு ஆண்டவர் பொறுப்பில்ல! கேளுங்கய்யா கேளுங்க!"

தம்பி பெண்டாட்டி ஒரு தொகை சொன்னார். வேறு யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துத் திரும்பியவர் காதில், பெண்கள் பக்கத்திலிருந்து அதைவிடப் பெரிய தொகை விழுந்தது. டீச்சர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் ஏற்றினார். டீச்சர் ஏற்றினார். டீச்சருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியபோது கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே டீச்சர் விட்டுவிட்டார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். தம்பி பணத்தைக் கட்டினார். மனைவி போய்க் கையை நீட்டினார்.

அண்ணாச்சி கொடுக்கவில்லை. "அல்லேலூயா! எல்லாரும் ஒரு கைதட்டுங்க! அமெரிக்கா குடும்பத்தோட மொத ஏலம் ஆண்டவருக்கே! மறுபடியும் கேளுங்க!"

"ஹலோ, நான் காசு குடுத்துட்டேன்" என்றார் தம்பி பெண்டாட்டி.

"ஆண்டவருக்குத்தான குடுத்திருக்கிய? அவரு வரவு வச்சிட்டாரு."

மறு ஏலத்தில் டீச்சர் முதல் ஆளாகக் கை தூக்கினார். தம்பி பெண்டாட்டிக்கு அப்போதுதான் விஷயம் முழுதும் விளங்கியிருக்க வேண்டும். மேஜையருகில் நின்றபடியே டீச்சர் பக்கம் திரும்பினார். மைக்குக்கும் அவருக்கும் ஒரு முழம்தான் இருந்தது.

"உங்களுக்கு எதுக்கு இது? ம்? சொல்லுங்க. இதைக் கட்டிக்கிட்டா மட்டும் யாரு பாக்கப் போறா உங்கள?"

வேப்பமரத்து ஒலிபெருக்கி அதைத் தெருமுனைவரை சொல்லியது. ஒரு கோழி கத்தியது.

டீச்சர் அந்த அம்மாளை ஏறிட்டும் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தார். நானும் தம்பியின் முகத்தைத்தான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

அந்த முகத்தில் அதிர்ச்சி இல்லை. ஆச்சரியம்கூட இல்லை. தினமும் ரேடியோவில் வரும் விளம்பரத்தைக் கேட்பவனைப்போலக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் பலதடவை கேட்ட பேச்சு அது என்பது பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. கல்யாண வீட்டு ராத்திரியிலும் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

டீச்சர் எழுந்தார். கூட்டத்துக்கு நடுவே நடந்துபோய் அண்ணாச்சியிடம் ஒரு தொகையைச் சொன்னார். அது என்னவென்று எழுதினால் நம்பமாட்டீர்கள். அண்ணாச்சியே மைக்கில் சொல்லத் தயங்கினார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. தம்பி பெண்டாட்டி புருஷனைப் பார்த்தார். புருஷன் தரையைப் பார்த்தார்.

மூணுதரம் சொன்னதும் அண்ணாச்சி, "டீச்சரோட மொத ஏலமும் ஆண்டவருக்கே" என்று உடுப்பை மறுபடி உயர்த்தப் போனார்.

"குடுக்க மாட்டேன்" என்றார் டீச்சர்.

"என்ன டீச்சர், வழக்கம்லா…"

"தெரியும். இத மட்டும் குடுக்க மாட்டேன்."

அண்ணாச்சி ஐயரைப் பார்த்தார். ஐயர் டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழைத்தாரில் ஏதோ சந்தேகம் வந்ததுபோல அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் கம்பிலிருந்து உடுப்பை உருவி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

இருவரும் பத்துநாள் இருப்பதாக வந்தவர்கள், மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போக அம்பாசிடர் கார் வந்து நின்றது. தம்பி பெண்டாட்டி யாரிடமும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டார். தம்பி பெட்டிகளை ஏற்றிவிட்டு, அக்காவிடம் விடைபெற வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டு அம்மாள், பால்காரர், நான், தெருவில் போனவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வேலை இருப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு நின்றோம்.

டீச்சர் வெளியே வந்தார். வெள்ளைச் சல்வாருக்கு மேலே அந்த உடுப்பைப் போட்டிருந்தார். நாடா கட்டவில்லை. இரண்டுபக்கத்தையும் இரண்டு கையால் பிடித்திருந்தார். சிரிப்பதற்காக நான் தயாராக வைத்திருந்த வாயை மூடிக்கொண்டேன். ஓடி ஓடி உரமேறிய தோளும் நிமிர்ந்த முதுகுமாக, அந்த டிசைனர் இப்படி ஓர் ஆளை மனதில் வைத்துத்தான் வெட்டியிருப்பாரோ என்று தோன்றும்படி அது நின்றது.

"ஏலே, இந்த நாடாவ எங்கன கெட்டணும்?" என்றார். "ஒம் பொண்டாட்டிக்குக் கெட்டிவிட்டுருப்பல்லா. வந்து கெட்டிவிடு."

தம்பி காரைப் பார்த்தார். காரின் கண்ணாடி மேலே ஏறியது.

"அக்கா, நேரமாவுது…"

"கெட்டிட்டுப் போ. பைய கெட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

தம்பி குனிந்தார். நாடாவின் ஒரு முனையைப் பக்கத்திலிருந்த துளைவழியாக உள்ளே விட்டு, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையோடு சேர்த்து இடுப்பில் முடிந்தார். முதல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மறுபடி கட்டினார். டீச்சர் கையைச் சற்றே விலக்கிக்கொண்டு, கார்க் கண்ணாடியையே பார்த்தபடி நின்றார். கண்ணாடிக்குள் யாருடைய முகமும் தெரியவில்லை. டீச்சர்தான் அதில் தெரிந்தார்.

"சரியா இருக்காலே?"

"நல்லாருக்குக்கா." நிமிராமலேதான் சொன்னார். பிறகு கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். "போயிட்டு வாறேங்க்கா."

எங்கள் ஊரில் இதற்குப் பதில் ஒன்றுதான். சண்டைக்காரனுக்கும், கடன்காரனுக்கும், பெண் பார்க்க வந்து வேண்டாமென்று போகிறவர்களுக்கும்கூட அதைத்தான் சொல்வோம். போயிட்டு வா.

"சரி, போ" என்றார் டீச்சர்.

மிச்சம் ஒரு சொல்லுக்காகத் தம்பி படியில் நின்றார். கார்க்காரர் இருமுறை ஹாரன் அடித்தார். டீச்சர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று அவரைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தார்.